இஸ்ரவேல் வாய் கழுவிய மூன்று வாரங்கள்

எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தின் ஆராதனைப் பதிவேட்டில், ஒக்டோபர் மாத ஞாயிறு ஒன்றுக்கு எதிரே இப்படி இருக்கிறது:

"காலை மழை. நற்கருணை உண்டு. பழைய ஏற்பாட்டு வாசகம்: ஏசாயா, ஆறாம் அதிகாரம். வாசிப்பவர்:"

அதற்குப் பக்கத்தில் மூன்று பெயர்கள். முதலில் இஸ்ரவேல், அது அடிக்கப்பட்டிருக்கிறது. அடுத்தது என் பெயர், அதுவும் அடிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவதாக மறுபடியும் இஸ்ரவேல், கொஞ்சம் பெரிய எழுத்தில். மூன்றும் என் கையெழுத்துத்தான்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் ஒரு திருமணத்தை வெள்ளிக்கிழமை நடந்ததாக எழுதியிருந்தேன். கந்தப்பளையிலிருந்து மணமகளே தொலைபேசியில் கூப்பிட்டு, "வியாழக்கிழமைங்க ஐயா, வெள்ளிக்கிழமை நாங்க மறுவீடு போயிட்டோம்" என்றார். திருத்திக்கொள்கிறேன். ஆனால் இந்த வாரம் நான் சொல்லவேண்டிய திருத்தம் அதைவிடப் பெரியது.

கதவு வரிசை

எங்கள் சபையில் வேதவாசகம் கதவு வரிசைப்படி நடக்கும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில், முதல் லயத்தின் முதல் காம்பிராவில், அதாவது முதல் ஒற்றையறை வீட்டில், தொடங்கி, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீடு. அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும். லயங்கள் முடிந்தால் உத்தியோகத்தர் வீடுகள். அவை முடிந்தால் மறுபடியும் முதல் கதவு.

இதை யார் தொடங்கினார்கள் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒருவர் இருவராக இருந்த காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும். அப்போது ஒரே வீட்டுக்கே திரும்பத் திரும்ப முறை வந்திருக்கும். இப்போது எல்லா வீட்டிலும் படித்தவர்கள் உண்டு. வரிசை மட்டும் மாறவில்லை. திக்குவாய் உள்ளவர் வாசித்திருக்கிறார். சண்டை போட்டுவிட்டு வந்த தம்பதி பாதிப்பாதியாக வாசித்திருக்கிறார்கள். எந்தக் கதவையும் நாங்கள் தாண்டிப் போனதில்லை.

சபைச் செயலாளர் என்ற முறையில் அந்த வரிசையை எழுதிவைப்பது என் வேலை. மாதத் தொடக்கத்தில் பதிவேட்டில் பெயர்களை எழுதி, ஒரு பிரதியை ஆலயக் கதவில் ஒட்டுவேன். இப்போது அதைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவிலும் போடவேண்டியிருக்கிறது.

திகதி போட்டுத் தொடங்கும் தீர்க்கதரிசி

ஏசாயாவின் அந்த ஆறாம் அதிகாரம் எனக்கு வெகுநாளாகப் பிடித்தமானது. காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது திகதியோடு தொடங்குகிறது. உசியா ராஜா இறந்த வருஷத்தில் ஆண்டவரைக் கண்டேன் என்கிறார் ஏசாயா. தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் இடத்தில், ஆயுசு முழுக்கக் கிளாக்கராக இருந்து திகதி எழுதியவன் நான்; தோட்டத்தார் மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். கடவுளைக் கண்ட மனிதர் முதலில் வருஷத்தைக் குறித்து வைத்தார் என்பது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அந்த உசியாவைப் பற்றியும் தேடிப் படித்திருக்கிறேன். நல்ல ராஜாதான். ஆனால் ஆசாரியர் மட்டும் போகும் இடத்துக்குள் தானே தூபகலசத்தோடு நுழைந்தார்; நெற்றியில் குஷ்டம் கண்டு வெளியே வந்தார். அதற்கும் முன்னால் ஊசா என்றொருவன், வண்டியில் சாய்ந்த உடன்படிக்கைப் பெட்டியைத் தாங்கிப் பிடித்ததற்காகவே செத்து விழுந்தான். மலையடிவாரத்தில் எல்லை போட்டு, மிருகம்கூடத் தொடக்கூடாது என்றார் மோசே. பரிசுத்தம் என்று வேதம் சொல்வதன் முதல் அர்த்தம் நல்லொழுக்கம் அல்ல, வேறாக இருத்தல். நம்மைப் போல் இல்லாதது. கிட்டே போனால் தாங்காதது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பயந்ததில்லை. அந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியவில்லை.

பங்களாவின் முன்பாதை

சின்ன வயதில் பரிசுத்த ஸ்தலம் என்று கேட்டபோதெல்லாம் என் மனதில் வந்தது தோட்ட அதிகாரியான துரையின் பங்களா முன்பாதைதான். வெள்ளைச் சரளைக் கல் பரப்பியது. இரண்டு பக்கமும் ஊதாப் பூ. அதில் எங்கள் ஆட்கள் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால் மண்பாதை ஒன்று உண்டு. எங்கள் அப்பா அதில் போய், குடையைச் சுருக்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். துரை வெளியே வரும்வரை இருமக்கூட மாட்டார்.

ஆகவே கடவுளும் அப்படித்தான், கொஞ்சம் பெரிய பங்களா, என்று நினைத்துக்கொண்டேன். இது பிழை என்று பிற்பாடு எத்தனையோ புத்தகங்களில் படித்தேன். படித்த பிழைகள் போய்விடும். பார்த்த பிழைகள் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

யார் வாய்?

இஸ்ரவேலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்டோரில் கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடான காற்று போகவேண்டும். அதற்கு ஒரு பெரிய விறகடுப்பு. அந்த அடுப்பைப் பார்ப்பவர் இஸ்ரவேல். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கை வரை பழைய தீக்காயங்கள். குடிப்பதில்லை, வெற்றிலை போடுவதில்லை. வாய் மட்டும்தான்.

அந்த வாயிலிருந்து வருபவற்றை இந்த வார இதழில் எழுத முடியாது. ஈர விறகு, விறகு கொண்டுவரும் டிரக்டர், மழை, மழை விட்டபின் வரும் காற்று, எல்லாவற்றுக்கும் தனித்தனி வசை வைத்திருந்தார். மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கேட்டுச் சிரிப்பார்கள். "அவன் நாலு வார்த்த சொன்னாத்தான் அடுப்பு பத்துது" என்பார் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர்.

அந்த மாதம் கதவு வரிசை நாலாம் லயத்தின் கடைசிக் காம்பிராவில் வந்து நின்றது. அது இஸ்ரவேலின் வீடு. போதகர் அனுப்பிய அட்டவணைப்படி அந்த ஞாயிற்றின் வாசகம் ஏசாயா ஆறு. பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர் என்று சேராபீன்கள் என்னும் ஆறு சிறகுள்ள தூதர்கள் கூப்பிடும் அதிகாரம். நான் யோசிக்காமல் பெயரை எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, ஆராதனை முடிந்ததும், குணசீலன் என்னை வாசலில் மறித்தார். தோட்டத்தில் கண்டாக்காக, அதாவது வெளிவேலை மேற்பார்வை உத்தியோகத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் பொறுப்பாளர். தன் சொந்தச் செலவில் ஆலயக் கூரைக்குத் தகரம் போட்டுக் கொடுத்தவர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

"என்னா வேல மாஸ்டர் இது? அந்த வாயால பரிசுத்தர்னு வாசிக்கிறதா? கேட்டுக்கிட்டு நாங்க எங்க மூஞ்ச வச்சிக்கிறது?"

"வரிசைப்படி வந்திருக்குங்க."

"வரிச மனுஷன் போட்டது. பரிசுத்தம் மனுஷன் போட்டதா?" என்றார். "நீங்களே வாசிங்க. உங்களுக்கு நல்ல குரல் இருக்கு."

நல்ல குரல் என்றதும் நான் வழுக்கி விழுந்தேன் என்று எழுதினால்தான் அது உண்மையாகும். அன்று மாலையே இஸ்ரவேலின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, என் பெயரை எழுதினேன். கதவில் புதிய தாளை ஒட்டினேன். குழுவில் படத்தைப் போட்டேன். கீழே குணசீலன் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்.

ரெபேக்கா வந்த செவ்வாய்

செவ்வாய்க்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில், இஸ்ரவேலின் மனைவி ரெபேக்கா என் வீட்டு வாசலில் நின்றார். கூடை முதுகில். கையில் தொலைபேசி.

"இது நீங்க எழுதுனதாங்க?"

ஆமாம் என்றேன். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

"மூணு வாரமா அவரு வாயில ஒரு கெட்ட வார்த்த இல்லீங்க, தெரியுமா? உங்க தாள்ல பேர பாத்த நாள்லருந்து. வீட்ல சத்தமே இல்ல. யாரோ செத்த வீடு மாதிரி கெடக்கு. கோழிகூட பயந்துபோயி கூவ மாட்டேங்குது."

சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"அவரு பந்திக்கு வர்றதில்லன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். அப்பமும் திராட்சைரசமும் பகிரும் நற்கருணைப் பந்தி நாளில் ரெபேக்கா தனியாக எழுந்துபோய் முழங்கால் போடுவார். இஸ்ரவேல் பெஞ்சிலேயே தலை குனிந்து இருப்பார். பல வருஷமாக அப்படித்தான். அக்கறையில்லாத ஆள் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

"ஏன்னு கேட்டிருக்கீங்களா? நான் கேட்டேன். 'இந்த வாயில அந்தக் கிண்ணத்த எப்பிடி புள்ள வைக்கிறது'ன்னாரு. இப்ப என்னா சொன்னாருன்னா, இந்த அதிகாரத்த ஒரு தப்பில்லாம வாசிச்சி முடிச்சிட்டா அன்னைக்கே பந்திக்கும் வந்துர்றேன்னு. நான் வெள்ளச் சட்டைய வெளுத்து வச்சிட்டேங்க. நேத்து இந்தப் படத்தப் பாத்தாரு. கோவிச்சாலாவது பரவால்ல. 'அவங்க செஞ்சது சரிதான்'னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாரு."

கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டார். "பேர திரும்ப எழுதுங்க மாஸ்டர். நான் பெரட்டுக்குப் போவணும்."

எங்கள் சபையில் கடவுளின் பரிசுத்தத்தைப் பற்றி உண்மையாகவே நடுங்கிய மனிதர் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் பெயரைத்தான் நான் அடித்திருந்தேன்.

அடுப்படியில்

பிற்பகல் ஸ்டோருக்குப் போனேன். ஓய்வு பெற்றபின் அந்த வாசலை மிதிப்பது குறைவு. வாடிய கொழுந்தின் வாசனை அதேபோல் இருந்தது. பச்சை ஆப்பிளும் ஈரப் புல்லும் கலந்ததுபோல.

அடுப்படியில் இஸ்ரவேலும் அவருடைய உதவியாள் முருகையாவும் இருந்தார்கள். முருகையா மாரியம்மன் கோயில் தீமிதியில் வருஷா வருஷம் இறங்குபவர். என்னைக் கண்டதும் அவர்தான் முதலில் பேசினார்.

"வாங்க மாஸ்டர். இவன் தெனமும் வாசிச்சதுல உங்க அதிகாரம் எனக்கே மனப்பாடமாயிருச்சு. ஆறு செட்டையில ரெண்டால மூஞ்ச மூடிக்கிறாங்க, ரெண்டால கால மூடிக்கிறாங்க. சரியா?"

சரி என்றேன். பிறகு இஸ்ரவேலிடம், நான் செய்தது தவறு, பெயரை மறுபடி எழுதப்போகிறேன் என்றேன்.

"வேணாங்கய்யா." அவர் கம்பியால் தணலைக் கிளறிக்கொண்டே சொன்னார். "கண்டாக்கையா சொன்னது சரி. ஆண்டவரு பக்கத்துல நிக்கிற சுத்தமான ஆளுங்களே மூஞ்ச மூடிக்கிறாங்க. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது? வீடு பூரா புகையால நெறஞ்சிச்சுன்னு எழுதியிருக்கு. புகை நெறஞ்ச எடம் எனக்குத் தெரியுங்க. அங்க பெரிய ஆளு சின்ன ஆளு கெடையாது. மூச்சு விட முடியாது, அவ்வளவுதான்."

"ஆனாலும் மூணு வாரமா நீங்க..."

"ஆமாங்க. மூணு வாரம் சுத்தமா இருந்தேன். இன்னும் அஞ்சு நாளு தான..."

அப்போதுதான் விறகு டிரக்டர் வந்தது. கொட்டகைக்குள் இறக்கவேண்டிய யூகலிப்டஸ் கட்டைகளை, சாரதி பின்பக்கமாகவே வந்து, வாசலில் தேங்கியிருந்த மழைத் தண்ணீருக்குள் மொத்தமாகச் சரித்தார்.

இஸ்ரவேல் நிமிர்ந்தார். அடுத்து வந்தவை மூன்று வாரம் சேர்ந்திருந்தவை. சாரதியில் தொடங்கி, டிரக்டரைத் தொட்டு, அதைச் செய்த தேசத்தையும் விடவில்லை. ஒரே மூச்சு.

டிரக்டர் சாரதி முகமெல்லாம் பல்லாக இறங்கினார். "அண்ணே! சொகமாயிட்டீங்களா? பேச்சே இல்லன்னதும் காய்ச்சலாக்கும்னு நெனச்சேன்!"

முருகையா விழுந்து விழுந்து சிரித்தார். இஸ்ரவேல் ஒரு விறகுக் கட்டையில் உட்கார்ந்து, கரிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாத்தீங்கல்ல ஐயா. இதுதான் என் வாயி. ஞாயித்துக்கெழம நீங்களே வாசிங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்ட முருகையாதான் பேசினார்.

"அந்த ஏசாயாவும் இதையேதான சொன்னாரு? எனக்கு ஐயோ, அசுத்தமான வாயின்னு. தெனமும் நீதான வாசிக்கிற."

இஸ்ரவேல் கையை எடுத்தார்.

"மாஸ்டர், நீங்க திகதி வருசம் எல்லாம் பாக்கிற ஆளு. இதச் சொல்லுங்க. அவரு ஐயோன்னது மொதல்லயா, தணல் வந்தது மொதல்லயா?"

பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தேன். தெரிந்ததுதான், ஆனாலும் பார்த்தே சொல்லவேண்டும் என்று தோன்றியது. முதலில் ராஜாவின் மரணம். பிறகு தரிசனம். பிறகு புகை. பிறகு 'ஐயோ'. அதற்குப் பிறகுதான் ஒரு சேராபீன் குறட்டால் பலிபீடத்துத் தணலை எடுத்துப் பறந்து வருகிறான். உதட்டில் வைக்கிறான். உன் அக்கிரமம் நீங்கியது என்கிறான்.

"நடுவுல ஒண்ணுமில்லியா?" என்றார் இஸ்ரவேல். "அவரு போயி வாயக் கழுவிட்டு வந்தாரு, கொஞ்ச நாளு நல்லா இருந்து காமிச்சாரு, அப்பிடி ஏதாவது?"

மறுபடியும் பார்த்தேன். "ஒன்றுமில்லை."

"எழுந்திரிச்சிக்கூடப் போகலியா? அந்தத் தணலுதான் வந்திச்சா?"

"அதுதான் வந்தது."

முருகையா தலையை ஆட்டினார். "நாங்க விரதம் இருந்து, காப்பு கட்டி, நெருப்புகிட்ட போறோம். இங்க நெருப்பே ஆளத் தேடி வருது. இது வேற மாதிரி."

இஸ்ரவேல் எழுந்து குறட்டை எடுத்தார். அடுப்பு வாயிலிருந்து ஒரு தணலைக் கவ்வி வெளியே கொண்டுவந்தார். பகல் வெளிச்சத்திலும் உள்ளுக்குள் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நான் என்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனேன். அவர் அதை முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் பிடித்திருந்தார்.

"இதுகிட்ட வெளையாட முடியாதுங்க ஐயா. பரிசுத்தர்னு சொல்ற சேராபீனே குறடு போட்டுத்தான் எடுக்கிறான். அப்பிடிப்பட்டத ஒதட்டுல வச்சும் அந்த மனுஷன் வேகல. வெந்தாருன்னு எழுதல." தணலை மறுபடி உள்ளே போட்டார். "நான் வேலையத் தலகீழா செஞ்சிருக்கேன். மூணு வாரமா வாயக் கழுவிக்கிட்டு நின்னேன்."

பிறகு வெளியே பார்த்து, "டேய், அந்தக் கட்டைங்கள எடுத்து ஒதுக்குடா... தம்பி" என்றார். 'தம்பி' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது.

ஞாயிறு

இஸ்ரவேலின் பெயரை மறுபடி எழுதி, குணசீலனிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். "அப்ப அன்னைக்கு நான் வரமாட்டேன்" என்றார். ஆனால் வந்தார். வழக்கமான முன் பெஞ்சை விட்டுக் கடைசியில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில், நண்பன் வாசிப்பதைக் கேட்க வந்த முருகையா, திருநீறு பூசிய நெற்றியோடு. மழையோடு மூடுபனியும் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தலவாக்கலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்த போதகரின் அங்கி ஓரம் நனைந்திருந்தது.

இஸ்ரவேல் வெளுத்த சட்டையில் எழுந்து போனார். விரலை வரியில் வைத்து வாசித்தார். குரல் நன்றாக இல்லை. அடுப்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஆலயத்துக்கு மிக அதிகம். பரிசுத்தர் என்ற சொல்லை மூன்று முறையும் மூன்று விதமாகச் சொன்னார். மூன்றாவது தடவை ஏறக்குறையக் கேட்கவில்லை.

'ஐயோ' வந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டார். புத்தகத்தைப் பார்க்காமல், லயத்தில் பேசுவதுபோல் அந்த வசனத்தைச் சொன்னார். அசுத்த உதடுள்ள ஜனங்களின் நடுவே குடியிருக்கிறவன் என்ற பகுதி வந்தபோது எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்க்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சில் ஒரு இருமல் கேட்டது.

மீதியைப் பிழையில்லாமல் வாசிக்கவில்லை. இரண்டு இடத்தில் தடுக்கினார். ஒரு வரியைத் தாண்டி, திரும்பி வந்து வாசித்தார். ஒரு பிழையும் இல்லாமல் வாசிப்பதாக அவர் மனைவியிடம் சொல்லியிருந்தது நிறைவேறவில்லை.

நற்கருணைக்கு அழைப்பு வந்தபோது ரெபேக்கா எழுந்தார். திரும்பிப் பார்க்காமலே நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பீடத்தின் முன்னுள்ள கிராதியின் இடது ஓரத்தில் இருவரும் முழங்கால் போட்டார்கள். வலது ஓரத்தில் கொஞ்சம் தாமதமாக வந்து முழங்கால் போட்டவர் குணசீலன்.

கிண்ணம் இஸ்ரவேலிடம் வந்தது. இரண்டு கையாலும் போதகரின் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குடிப்பதற்கு முன் ஏதோ சொன்னார். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

என்ன சொன்னார் என்பதில்தான் சிக்கல். "ஆமென்" என்றார் என்கிறார் போதகர். எல்லோரும் சொல்வது அதுதான் என்பதால் அப்படி நினைத்திருக்கலாம். ஒன்றுமே சொல்லவில்லை, குளிரில் பல்லுதான் கிடுகிடுத்தது என்கிறார் ரெபேக்கா. கடைசிப் பெஞ்சில் இருந்த முருகையாவோ, "சுட்டுராதீங்க" என்று சொன்னதாகச் சத்தியம் செய்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. இஸ்ரவேலிடமே கேட்டேன். "போங்கய்யா, அதையும் எழுதப்போறீங்களா?" என்று சிரித்துவிட்டு விறகை எடுக்கப் போனார்.

ஆகவே, அவர் சொன்ன சொல் எதுவென்று இன்றுவரை உறுதியாகவில்லை.